பதினேழாவது ஆள்

கொழிஞ்சாம்பாறை கண் முகாம்.
விங் கமாண்டர் சூசைமாணிக்கம், டோக்கன் பதினேழு.
எழுபத்தொன்றில் இரண்டு விமானம் வீழ்த்தியவர்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
மொபெட் ஓட்ட
இப்போது என் கையெழுத்து வேண்டும்.

மலையாள அட்டை.
"தமிழ் இல்லையா?" என்றார்.
திருப்பி மாட்டினேன்.
மூன்றாம் வரியில்
'ட'வும் 'ப'வும் குழம்பின.

"முதல் ஆளுக்குக் குடை விரிந்தது, பார்த்தேன்.
இரண்டாமவன்
மேகத்துக்குள் போய்விட்டான்.
கழுகுக் கண் என்று
பேப்பரில் போட்டார்கள்."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில்
அட்டை ஆடியது.
ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வரியை அவர் படிக்கவில்லை.
அதற்கும் கீழே,
எழுத்தே இல்லாத வெள்ளையில்
எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மூடச் சொன்ன கண்ணையும்
எப்போதோ திறந்துவிட்டிருந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டாவது ஆள் இருமினான்.