புள்ளி இல்லாத எழுத்து

சாம்சுன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பம்பு கோளாறு,
எங்களுக்கு இரண்டு நாள் கரை.
மசூதிக்குப் பின்சந்தில் மாடி ஏறினால்
பதினொரு கணினிகள்.
பத்தில் போர் நடக்கிறது.
மிச்சமிருந்ததை எனக்குக் காட்டினாள் நுர்ஜான்.
மணிக்கு ஒன்றரை லிரா. தேநீர் தனி.

விசைப்பலகையில் நான் அறிந்த எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.
தேயாதவை, வால் முளைத்த எஸ்,
தலையில் கிண்ணம் கவிழாமல் நிற்கும் ஜி.
அட் குறியைத் தேடியே கால்மணி போயிற்று.
ஷிஃப்டோடு இரண்டை அமுக்கினால் ஒற்றை மேற்கோள்,
மூன்றை அமுக்கினால் ஒரு கூரை.
பக்கத்துப் பையன் துரூல்
துப்பாக்கியை இறக்காமலே இடக்கை நீட்டி
எதையோ தட்டினான்.
சுருண்டு வந்து படுத்தது அட்.

அப்புறம் கடவுச்சொல்.
எட்டுக் கரும்புள்ளிகள். தவறு.
நிதானமாக எட்டுக் கரும்புள்ளிகள். தவறு.
எஞ்சின் அறையில் இருட்டில் நட்டு முடுக்குகிற விரல்கள் இவை,
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
துரூல்தான் கண்டுபிடித்தான்:
நான் ஐ என்று நம்பி அடித்த விசையில்
புள்ளி கிடையாது.
அது வேறு எழுத்தாம், அதற்கு வேறு ஒலியாம்,
தொண்டைக்குள்ளிருந்து செய்து காட்டினான்.
புள்ளி வைத்தது சுண்டுவிரல் ஓரத்தில்
யாரோ போல் உட்கார்ந்திருக்கிறது.

என் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகும்.
இங்கே புள்ளி போனால்
ஆளே மாறிவிடுகிறது.
அதுவும் கரும்புள்ளிகளுக்குள் ஒளிந்துகொண்டு.

ஒரே முயற்சி பாக்கி.
பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
சொல் என்றான்.

ஆறு வருடமாக
விரல்கள் மட்டும் சொல்லிவந்த பெயர்.
வாய்க்குப் பழக்கம் விட்டிருந்தது.
மிதிலை என்றேன்.
சுற்றிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்ததால்
இன்னொரு முறை, உரக்க.

காதில் விழுந்தபடி அடித்தான். ஏழு புள்ளிகள்.
இல்லை, நடுவில் ஒரு மூச்சு இருக்கிறது என்று
ஹெச்சைத் தொட்டுக் காட்டினேன்.
கடைசி எழுத்தும் தப்பு.
அழித்துவிட்டு ஒவ்வொன்றாக
என் விரல் காட்ட, அவன் விரல் அடிக்க,
திறந்தது.

"ஊரா?" என்றான்.
ஊர்தான்.
"போயிருக்கிறாயா?"
வாசல்வரை.

அவன் போருக்குத் திரும்பிவிட்டான்.
மும்பை ஏஜென்ட் கேட்டிருந்தார்:
இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாமா?
சரி என்று அடித்தேன்.
ஓரத்து விசைக்கு விரலை நீட்டப் பொறுமையில்லை,
ஐ எல்லாம் மொட்டையாகவே போயிற்று.

திரையின் உச்சியில் இவ்வளவு நேரமும்
ஒரு மஞ்சள் பட்டை துருக்கியில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.
கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்றுதான் இருக்கும்.
இரண்டு பொத்தான்கள்.
எது ஆம் என்று
துரூலைக் கேட்டிருக்கலாம்.

சில்லறை இல்லையென்று நுர்ஜான்
ஒரு தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.