நாலாவது ஹோர்ன்

திருவிழாவுக்கு நாலு ஹோர்ன்.
மணிக்கூட்டுக் கோபுரத்தில் இரண்டு,
வாசல் வேம்பில் ஒன்று,
பின்வீதித் தென்னையில் நாலாவது.
ஏறுகிறது நான்.
இருபத்தொரு வருசமாய் ஏறுகிறேன்.
மரத்தில் எங்கேயும் ஏறலாம்.
மண்டபத்துக்குள் வயர் இழுக்க மட்டும்,
அதுவும் பக்கத்து வாசலால்.

போன வருசம் ரொறன்ரோவில் இருந்து வந்த
சட்டத்தரணி வீட்டு மருமகனுக்கு நித்திரை இல்லை.
சுற்றாடல் கந்தோரில் இருந்து ஒரு தம்பி
கைக்குள் அடங்குகிற மெசின் கொண்டு வந்தான்,
முனையில் கறுப்புப் பஞ்சு.
மதிலடியில் பிடித்தான்: எண்பத்தி நாலு.
நிர்வாகசபை கூடியது. தேத்தண்ணி, வடை.
சத்தத்தைக் குறைத்தால் சுவாமிக்குக் குறை என்றார் பொருளாளர்.
ஏன் குறைப்பான், திருப்பலாமே என்றார் செயலாளர்.
எல்லோருக்கும் அது நல்லதாய்ப் பட்டது.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
அவர்களும் சொல்லவில்லை.
மிஞ்சியிருந்தது ஒரு பக்கம்தான்.

நட் துருப்பிடித்திருந்தது.
தேங்காயெண்ணெய் விட்டு,
பதினாலாம் நம்பர் ஸ்பனரால்
நானே திருப்பினேன்
என் வீட்டுக்கு.

அங்கே மெசின் வரவில்லை.
அங்கே தகரம். தகரம் சத்தத்தை வாங்கி
வட்டியோடு திருப்பிக் குடுக்கும்.
என் மனுசி பெரியாஸ்பத்திரி லோன்றியில் இரவு வேலை.
காலமை ஏழரைக்கு வந்து படுப்பாள்,
எட்டுக்குப் பாட்டுத் தொடங்கும்.
பஞ்சு வைத்தாள்.
பழஞ்சீலை கிழித்துக் காதைக் கட்டினாள்.
"சுவாமி எங்களைத் தேடி வாறார்" என்று
ஒருநாள் சிரித்தாள்.

நோஞ்சான் காதுகள் இல்லை எங்களுடையவை.
பொம்மருக்கு முதல் நாய் குலைக்கும்,
நாய்க்கு முதல் எனக்குக் கேட்கும்.
பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து
கையால் பெடலைச் சுற்றினால்
டைனமோவில் செய்தி வரும்.
கை ஓய்ந்தால் வாசிக்கிறவள் அமிழ்ந்துபோவாள்,
பாதி ஊரின் பெயரோடு.
அந்த நாளில் சத்தம் சாதி பார்க்கவில்லை
என்று எழுத வந்தேன்.
சத்தம் பார்க்கவில்லைத்தான்.
பங்கர் பார்த்தது.

இந்த ஆவணியில் கணவதிப் பெரியப்பா செத்தார்.
மூன்று பறை.
பிரேதம் சந்தி தாண்ட முதல் ஜீப் வந்து நின்றது.
ஏ.எல். சோதினை, ஒலி மாசு, முறைப்பாடு.
துண்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார் அந்தப் பொலிஸ்காரர்.
மாசு.
வாசித்த வாய்தான் வெளியூர்.
எழுதின கையை எனக்குத் தெரியும்,
ரசீதில் பார்த்திருக்கிறேன்.
பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தோம்.
தோல் தன்பாட்டில், காற்றுப் பட்டு,
மெல்ல முனகிக்கொண்டே வந்தது.

அன்றிரவு பொருளாளர் போன் எடுத்தார்.
நாளைக்குக் கொடியேற்றம்,
ஒருக்கால் போட்டுப் பார்,
உங்கடை பக்கம் கேட்குதோ?
கேட்குது ஐயா.
கேள் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை.
எங்களுக்கு அதில் ஒன்றைத்தான்
பிரித்துத் தந்திருக்கிறார்கள்.

விடிய நாலு மணிக்குத் தென்னையில் ஏறினேன்.
கீழே தகரக் கூரைகள், ஈரம்.
அப்பால் கல்லுண்டாய் வெளி,
உப்புத் தரை, நாலைந்து கொக்கு.
எண்ணெய் தேவைப்படவில்லை.

பத்து மணிக்குப் பொருளாளர் அண்ணாந்து பார்த்தார்.
"உது ஏன்ரா ஆளில்லாத பக்கம் பாக்குது?"
"காத்து திருப்பியிருக்கும், ஐயா."

திருவிழா பன்னிரண்டு நாள்.
ஐந்து நாளுக்குள் காத்து
மூன்றுதரம் திருப்பிப்போட்டது.
ஆறாம் நாள் தென்னையடியில்
கதிரை போட்டு ஒரு ஆளை இருத்தினார்கள்.
மனுசி பஞ்சை எறியவில்லை,
தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.
ஸ்பனர் என் சேட்டுப் பொக்கற்றில்.