நீர்க்கோடு

செகாம்புட் டாலாமில்
வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் போய் இறங்குகிறேன்.
கையில் அளவுநாடா, காலில் ரப்பர் பூட்ஸ்,
காப்புறுதி நிறுவனம் தந்த மஞ்சள் சட்டை.

கார்களுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை.
இறந்ததா இல்லையா என்று
எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

தரைவிரிப்பு நனைந்திருந்தால் பிழைக்கும்.
இருக்கையைத் தொட்டிருந்தால் சந்தேகம்.
டேஷ்போர்டில் சேறு காய்ந்து
நேராக ஒரு கோடு தெரிந்துவிட்டால்
முழு இழப்பு.

கோடு பொய் சொல்லாது.
மனிதர்கள் கொஞ்சம் சொல்வார்கள்.
"இவ்ளோதாம்மா ஏறுச்சு"
முழங்காலைத் தொட்டுக் காட்டினார் தனசீலன்.
அவருடைய சாகாவின் உள்கூரைத் துணியில்
ஆகாயத்தாமரை வேர் ஒன்று ஒட்டியிருந்தது.
கிராப் ஓட்டுகிறார்.
இன்னும் நாற்பத்தொரு தவணை பாக்கி.

பின்கதவைத் திறந்தோம்.
மகளின் பூப்பந்து மட்டை, ஊறிப்போன கணக்கு நோட்டு,
ஒரு கிலோ பச்சைப்பயறு,
பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டு
முளைவிட்டிருந்தது.
இது வயல் இல்லையென்று
அதற்கு யார் போய்ச் சொல்வது?

"சிறப்பு ஆபத்துகள் பிரிவை
நீங்கள் எடுக்கவில்லை, ஐயா."
எடுக்கவில்லை.
அந்தக் காசில்தான் அந்த மட்டை வாங்கினாராம்.

சிறப்பு என்கிறது பத்திரம்.
ஏப்ரலில் ஒருமுறை வந்தது.
அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை.
மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை
ஒரு மதியத்தில் கொட்டிவிட்டு
வெயிலைத் திறந்துவிடுகிறது வானம்.
சேற்றின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டு
சேறு வந்தால் திகைக்கிறோம்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
வெள்ளம் என்று எழுதுகிறேன்.
வெள்ளத்துக்குக் காரணம் எழுதக் கட்டம் இல்லை.
இருந்தால் என்ன எழுதுவேன்?
செத்த கார்களைப் பார்க்க
மாதம் மூவாயிரம் கிலோமீட்டர்
ஓட்டுகிறேன் நான்.
என் புகையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது.
அறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு
எல்லாரையும்போல மேம்பாலத்துக்கு விரட்டினேன் காரை.
ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன,
விளக்குகள் சிமிட்டிச் சிமிட்டி.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
முன்னால் ஒரு லாரியில்
யாரோ குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள்.
கீழே சாலை
ஓசையில்லாமல் பழுப்பாகிறது.

பக்கத்து மைவியில்
மடியில் பூனைக் கூடையோடு ஒரு பெண்.
கண்ணாடியை இறக்கிக் கேட்கிறாள்:
"ஆயர் சுடா நாயிக், காக்?
உங்கள் தாமானில் எவ்வளவு?"

என் தெரு இடுப்பளவு முழுகிவிட்டதாக
வாட்ஸ்அப்பில் படம் வந்து பத்து நிமிடம் ஆகிறது.
வாசலில் விட்டுவந்த செருப்பு
இந்நேரம் எந்தக் காலுவாயில் போகிறதோ.

"கொஞ்சம்தான்" என்று
முழங்காலைத்
தொட்டுக் காட்டுகிறேன்.