நாற்பத்தொன்றாம் பக்கம்

மதிப்பீட்டாளர் மூவரில் நான் கடைசி.
வில்னியஸிலிருந்து வரும் ரயிலிலேயே
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது.
'கால் முதலில் அறிகிறது, கண் பிறகுதான்.'
ஓரத்தில் எழுதினேன்:
சான்று எங்கே?

ரூகிலே நடனக்காரி.
க்ளைபெடா துறைமுகத்தில் நான்கு குளிர்காலம்
கப்பல் கட்டுகிறவர்களோடு நின்றவள்.
கப்பலைச் செய்பவர்கள் அல்ல,
வந்த கப்பலைக் கரையோடு கட்டுபவர்கள்.

மேல்தளத்திலிருந்து மெல்லிய கயிறு ஒன்று பறந்து வரும்,
நுனியில் முஷ்டியளவு முடிச்சு.
பிடித்து இழுத்தால் பின்னாலேயே
தொடைப் பருமனில் வடம்.
அந்தக் கயிறு விழுமிடத்துக்கு
அவர்கள் எப்படி முன்பே போய் நிற்கிறார்கள்?
அவ்வளவுதான் அவள் கேள்வி.
அரசு உதவித்தொகை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மூன்றாம் அத்தியாயம் முழுக்க முழங்கால்கள்.
அடிக்குறிப்புகளில் கம்பு ரொட்டி, உப்பு மீன்,
யார் யாருக்கு எந்த மூட்டில் வலி.

உர மூட்டை அடுக்கிய பழைய கிடங்கில் அரங்கேற்றம்.
காற்றில் இன்னும் அமோனியா.
முன்வரிசையில் நாங்கள், மடியில் மதிப்பெண் தாள்.
பின்னால் துறைமுகத்து ஆட்கள் ஒன்பது பேர்,
ஒளிரும் பட்டை போட்ட சட்டையைக் கழற்றாமல்,
பிளாஸ்க்கும் கையுமாக.

இரும்புப் பாலத்திலிருந்து ஒருவன் கயிறு வீச
அவள் பிடித்தாள்.
பிறகு கயிறில்லாமல் வீசினான், பிடித்தாள்.
பிறகு வீசவே இல்லை.
வராத கயிறுகள் விழுமிடத்திலெல்லாம்
அவள் மட்டும் போய்ப் போய் நின்றாள்.
அழகுதான்.
அழகுக்கு மதிப்பெண் போட நான் வரவில்லை.

பேராசிரியர் கிராஜினா கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
இதில் நாம் புதிதாக அறிந்துகொண்டது என்ன?
ரூகிலே வாயைத் திறந்தாள், மூடினாள்.
அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

'மூணாவது தடவ தப்பு.'

அனுமதி கேட்காமல் எழுந்துவிட்டிருந்தார் வீதேனிஸ்.
'கீழ்க்காத்து அடிக்கையில அந்த இடத்துல
எவனும் நிக்க மாட்டான்.
வடம் அறுந்தா திரும்பி வர்ற வழி அது.
கால வாரிட்டுப் போயிடும்.'

'நாலு வருஷத்துல யாருமே சொல்லலையே.'

'சொன்னதில்ல.'
அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்,
பக்கத்திலிருந்தவர் அடுத்தவரை.
'எங்களுக்குள்ளயே சொல்லிக்கிட்டதில்ல.
நிக்கறதில்ல, அவ்வளவுதான்.
நீ நின்னதும்தான்...'
வாக்கியம் முடியவில்லை.
மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்த இடத்திலேயே
அரை அடி பின்னால் சாய்ந்திருந்தார்கள்.

பாதுகாப்புக் கையேட்டில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கிறது.
காற்றே இல்லாத நாளுக்குப் போட்ட கோடு.

அதன்பின் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒன்பது பேரும் தரைக்கு இறங்கி
ஒற்றைச் சாக்கட்டிக்கு மல்லுக்கட்டினார்கள்.
இங்கே. இல்லை, இன்னும் தள்ளி.
மழை பெய்தால்? நனைந்த வடமென்றால்?
ரூகிலே ஒவ்வொரு கோட்டிலும் நின்று காட்ட
அவர்கள் முகம் சுளிப்பது நிற்கும்வரை
நகர்ந்து, நகர்ந்து,
தரையில் ஒரு கோணல் பிறை வந்தது.
அதுவும் அரைகுறை.
தென்கிழக்குக் காற்று விஷயத்தில்
கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அந்தப் பிறை ஆய்வேட்டில் இல்லை.
அச்சடித்து, தைத்து, மூன்று பிரதி
முன்பே ஒப்படைத்தாயிற்று.
கிராஜினா பதிவேட்டில் எழுதினார்: 'விவாதம் நீண்டது.'

நான் பென்சிலை எடுத்தேன்.
சான்று எங்கே என்பதை அழிக்கவில்லை.
கீழே எழுதினேன்:
தவறாக நின்றாள்.

இரவு, படகுத்துறை.
காயல்மேல் கீழ்க்காற்று.
ஏதோ ஒரு வடம் இறுகிக் கிறீச்சிட்டது.
என் கால் நகர்ந்திருந்தது,
பிறகுதான் கவனித்தேன்.
சரியான பக்கம்தானா என்று கேட்க
அங்கே யாரும் இல்லை.