தாங்கி

பத்தொன்பதாவது நேர்முகப் பரீட்சையில்
"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள்.
எங்கேயிருந்து எதுவரை என்று கேட்டேன்.
மூவரில் ஒருவர் சிரித்தார்.
மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றது.
உங்கள் விசிறியில் தாங்கி தேய்ந்துவிட்டது,
இன்னும் இரண்டு மாதம் போகும் என்றேன்.
அது என்னைப் பற்றியதுதான்.
அவர்களுக்கு அப்படிப் படவில்லை.

யூனியன் பிளேஸிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்தே வந்தேன்.
காலி வீதியின் ஒவ்வொரு ஹோர்னும்
பல்லின் வேரில் போய் நின்றது.
அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்:
"கண்ணைப் பார்த்துக் கதைச்சியா?"
பார்த்தேன் அம்மா.
நடுவில் இருந்தவரின் இடது கண்ணில்
ஒரு சிவப்பு நரம்பு, ஆற்றின் வரைபடம் மாதிரி.
அதைப் பார்த்த நேரத்தில்
அவர் கேட்டது காதில் விழவில்லை.

கூடப் படித்தவர்கள் ஒருமுறை கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள்.
சுற்றுவட்டத்துக்குள் நுழையத் தெரியாத சாரதியாய்
கதைக்கு நடுவில் ஓர் இடைவெளி வருமென்று காத்திருந்தேன்.
வந்தபோது எல்லோரும் எழுந்து
மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலை கிடைத்தது வேறு விதமாக.
ஒன்றுவிட்ட அண்ணன் குகதாசனின் ஓட்டோவுக்குப்
பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கப் போனோம்.
கடைப் பொடியன் தந்த பெட்டியில் 6204.
வேண்டியது 6203 என்றேன்.
உள்வட்டம் பதினேழு, வெளிவட்டம் நாற்பது,
தடிப்புப் பன்னிரண்டு.
இஃப்திகார் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.
என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.
"திங்கக்கிழம வாங்க" என்றார்.
என்னைப் பற்றி இன்றுவரை அவர் கேட்டதில்லை.

கடையில் எல்லோருக்கும் அது பெயாரிங்.
எனக்குப் பள்ளிப் புத்தகம் தந்த சொல்தான் பிடிக்கும்.
சுமைதாங்கி, இடிதாங்கி போல
செய்யும் வேலையே பெயரான சாமான்.
"இவளைத் தாங்கேலாது" என்று பெரியம்மா சொன்னதும்
அதே சொல்லை வைத்துத்தான்.

எல்லாம் நல்லபடி என்று எழுத மாட்டேன்.
நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால்
கழிப்பறைக்குள் போய்க் கூரைத் தகட்டின் மடிப்புகளை எண்ணுவேன்.
ஒருநாள் இரண்டு மணித்தியாலம் எண்ணினேன்.
சம்பளத்தில் வெட்டினார்கள்.
அது நியாயமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

சிங்களத்தில் நான் தடுமாறினால்
பாவம், பாஷை தெரியாது என்கிறார்கள்.
பொறுத்து நிற்கிறார்கள்.
தமிழில் அதே இடைவெளியை விட்டால்
இவளுக்கு ஏதோ குறை.
ஆகவே சிங்களத்தில்தான்
நிம்மதியாகத் தடுமாறுகிறேன்.

லலந்த, பில் எழுதுகிறவன்.
காதுக்குள் பஞ்சு வைத்திருப்பான்.
நான் சேர்ந்த மூன்றாம் கிழமை
ஒன்றும் சொல்லாமல் என் மேசையில்
பஞ்சுப் பொதி ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.
அன்றிலிருந்து மூன்று நாற்பதுக்குப்
பின்கதவுப் படியில் எங்களுக்குத் தேநீர்.
ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.
இருவரும் மருதானைப் பக்கம் பார்த்திருப்போம்,
ரயில் சத்தம் வருகிற திசையில்.

போயாவுக்குக் கடை பூட்டு.
மூன்று நாற்பது வீட்டுக்குள் வந்து நின்றது.
அதை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல்
கேத்தலை வைத்தேன்.
போனில் ஒரு படம். அவன் வீட்டுக் கோப்பை.
சொல் எதுவும் இல்லை.
பதிலுக்கு என்ன அனுப்பலாம் என்று
இரவு பதினொன்று வரை யோசித்தேன்.
அனுப்பவில்லை.

மறுநாள் படியில் சொன்னேன், சிங்களத்தில்:
உன் கோப்பையின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறது.
"தெரியும்" என்றான், தமிழில்.
எங்கே பொறுக்கினானோ அந்த ஒரு சொல்லை.
ரயில் ஒன்று போனது.
தேநீரில் அன்றைக்குச் சீனி கூட.