எண்ணிக்கை சரி

சரியாகப் பதினேழு நிமிடம்.
அதற்குமேல் ஓடாது.

எழுபத்திரண்டாம் ஆண்டு டாட்சன், கடுகு மஞ்சள்.
லாங்கென்தாலில் குதிரைபோல் புறப்படும்,
ரோர்பாக் தாண்டியதும் இருமும்,
தலையைத் தொங்கப்போட்டு ஓரமாய் நிற்கும்.
பத்து நிமிடம் பேசாமல் விட்டால்
ஒன்றுமே நடவாததுபோல்
திரும்ப ஓடும்.

"கொயில்தான் அண்ணி" என்றான் நிருத்தன்,
பாண் வெட்டும் கத்தியால் காற்றில் கோடு கீறி.
கொயில் மாற்றினேன். நூற்றெண்பது பிராங்க்.
பதினேழு நிமிடம்.
"அப்ப சூட்டில பெற்றோல் ஆவியாகுது,
குழாயில அலுமினியத் தாள் சுத்துங்கோ."
சுற்றினேன்.
இடியப்பப் பார்சல்போல இருந்தது.
பதினாறரை.

நான் மருத்துவமனையின் நிலவறையில்
அறுவைக் கத்தரிகளைக் கழுவி, எண்ணி,
ஆவியில் அவித்து அடுக்குகிறவள்.
ஒன்று குறைந்தால்
யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் தேடவேண்டிவரும்.
ஊகம் எனக்கு ஒத்துவராது.

கொப்பி ஒன்று போட்டேன்:
தேதி, குளிர், நிமிடம், நின்ற இடம்.
கார்புரேட்டர் வாயில் ரப்பர் குழாயின் ஒரு நுனி,
மறுநுனி என் காதில்.
முதலாவது, பிறகு இரண்டாவது:
இரண்டும் ஒரே சுருதியில் சீறின.
பொறி நீலம்.
எண்ணெய் தேன்நிறம்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
குற்றமற்ற உறுப்புகள் எல்லாம் ஒன்றுகூடிப்
பதினேழாம் நிமிடத்தில் செத்தன.

பிறகு அந்த ஞாயிறு.
வழக்கமான இடம், வழக்கமான இருமல்,
வேலிக்கு அப்பால் மாடுகளின் மணி.
கண்ணாடி வடிகட்டியில்
அரைவிரல் பெற்றோல்கூட இல்லை.
காலையில்தானே நிரப்பினேன் என்று
பின்பக்கம் போய்த் தாங்கியின் மூடியைத் திருகினேன்.

மூச்சு.

வெளியே விட்டதல்ல,
உள்ளே இழுத்தது.
வெகுநேரம் நீருக்குள் முங்கிக் கிடந்தவள்
தலைதூக்கியதுபோல
அப்படியொரு நீண்ட இழுவை.
மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன்,
என் வாயும் திறந்திருந்தது.

ஒரு மிடறு பெற்றோல் போனால்
ஒரு மிடறு காற்று வரவேண்டும்.
வராவிட்டால் தாங்கி என்ன செய்யும்,
கொடுக்க நிறைய வைத்துக்கொண்டு
இறுகிக் கிடக்கும்.

பின்னேரம் கராஜில்:
ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் ஆகாது,
இயந்திரம் ஆகாது,
திருமதி லைபுன்ட்கூட்
நட் ஒன்று உருண்டாலும் அறிவித்தல் ஒட்டுவார்.
விரல்களுக்குச் சத்தமில்லை.
வலப்பக்க உட்பலகையைக் கழற்றி
இருட்டில் குழாயைத் தடவிக்கொண்டே போனேன்.
பாளம் வெடித்த ரப்பர்,
அதன் நுனியில் ஒரு போல்ட்.
கவ்வி போட்டு, ஓரம் மழித்து,
அத்தனை நேர்த்தி.

முந்தைய சொந்தக்காரர் ஆம்ஸ்டுட்ஸ்,
தூனில் பல் வைத்தியராக இருந்து ஓய்ந்தவர்.
தொலைபேசியில் மகிழ்ச்சியாகச் சொன்னார்:
"ஓ, அதுவா! உள்ளே பெற்றோல் மணத்தது,
மனைவிக்குத் தலையிடி. அடைத்தேன்.
மணம் அன்றைக்கே போயிற்று."
பிறகு கார் நின்றதா என்றேன்.
"நின்றது, நின்றது.
அதனால்தானே விற்றேன்."

ஆயுள் முழுக்க
ஓட்டை கண்ட இடத்தில் அடைத்த கை.
அவரைக் கோபிக்க வரவில்லை.
வெடித்தது குழாய், அடைபட்டது மூச்சு.

புதுக் குழாய் இரண்டு மீற்றர், பதினொரு பிராங்க்.
செவ்வாய் மாலை ரோர்பாக் தாண்டினேன்.
பதினெட்டு.
பத்தொன்பது.
ஹுட்விலில் பாணுக்கு வரிசையில் நிற்கும்போதுதான்
மணி பார்க்க மறந்தது தெரிந்தது.
உள்ளே மணமும் இல்லை.

"கொயிலும் கொஞ்சம் காரணமாத்தான் இருந்திருக்கும்"
என்கிறான் நிருத்தன்.

கொப்பியில் எழுதினேன்:
போல்ட் ஒன்று.
வெளியே எடுக்கப்பட்டது.
எண்ணிக்கை சரி.

இடப்பக்கச் சைகை விளக்கு
நேற்றிலிருந்து எரிகிறது,
சிமிட்ட மாட்டேன் என்கிறது.
பக்கத்தைப் புரட்டித் தேதி போட்டேன்.