எடைமேடை, கோபாலபுரம்

ஒரு சீட்டுக்கு நாற்பத்தொரு நொடி.
எண்ணிச் சொன்னது முதலாளி நாச்சிமுத்து அல்ல,
இளநீர் லாரியோடு மேடைமேல் நின்ற ஷைஜன்.
"ஈ மெஷின் உறங்ஙுவாணோ சேச்சி?"

உறங்கவில்லை.
கணினிக்கு வயது இருபத்தாறு.
போன ஐப்பசி இடியில் பேரலல் போர்ட் வெந்துபோக
சீரியல் வாய் ஒன்றுதான் மிச்சம்.
பிரிண்டருக்கு அந்த வாய்ப் பேச்சு விளங்காது.
நடுவில் ஒரு பழைய கன்வெர்ட்டர்
நொடிக்கு முப்பது எழுத்தாய் விட்டுக்கொண்டிருந்தது,
தென்னைக்குச் சொட்டுநீர் விடுகிற மாதிரி.

திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு
பொள்ளாச்சியில் மூன்று வாங்கிவந்தேன்.

முதலாவது யூஎஸ்பி. நீல விளக்கு, பார்க்க லட்சணம்.
செருக என் கணினியில் இடமே இல்லை.
விலையைப் பார்த்தவள் துளையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது வேகக்காரன்.
14620 என்று அனுப்பினேன்,
1420 என்று அடித்தது.
ஒரு ஆறு விழுந்ததில்
பதிமூன்று டன் இளநீர் ஆவி.
ஷைஜன் சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து
"இது மதி சேச்சி, இது மதி" என்றான்.
பொறு பொறு என்று பிரிண்டர் கைகாட்டித்தான் இருக்கிறது;
அதைக் கொண்டுவரும் கம்பி
அந்த வயரில் இல்லை.

மூன்றாவது கறுப்பு. கனம். நானூறு ரூபாய் கூடுதல்.
உள்ளே கொஞ்சம் ஞாபகசக்தி வைத்திருக்கிறது:
சொன்னதை மொத்தமாய் வாங்கிக்கொண்டு
கணினியை அனுப்பிவிடும்,
பிறகு பிரிண்டரின் நடைக்கு நடந்து கொடுக்கும்.
அடியில் எட்டுச் சுவிட்ச், எறும்பு அளவு.
ஹேர்பின்னால் தள்ளித் தள்ளி
மூன்றையும் ஏழையும் மேலே வைத்தபோது
சீட்டு ஆறு நொடியில் வந்தது.
கார்பன் பிரதி இரண்டோடு.

நாச்சிமுத்து அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.
ஒரு டீ.

நேற்று இரவு பதினொன்றே கால்.
பட்டனை அழுத்தினேன், கரண்ட் போனது.
கணினி கொடுத்துவிட்டது.
பிரிண்டர் வாங்கவில்லை.
நடுவில் இருந்தது எதுவோ
அது கறுப்புப் பெட்டியோடு அணைந்தது.
பாலத்துக்கு அந்தப்பக்கம் சோதனைச்சாவடியில்
சீட்டில்லாமல் விடமாட்டார்கள்.

ஷைஜன் போனில் வெளிச்சம் அடிக்க,
எப்போதோ வாங்கிய கைச்சீட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி
எழுதினேன்: பதினோராயிரத்து அறுநூற்றெண்பது.
எண்ணால் எழுதுகையில்
ஆறை மட்டும்
இரண்டு தடவை அழுத்தினேன்.